பாட்டியின் தாத்தா இங்கிலாந்தில் எந்த ஊர்க்காரர்? ஒரே பெயரில் இருவர் இருக்கிறார்கள்

பொன்மலைப் பேத்தி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவழிப் பாட்டி ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் பிறந்து, திருச்சி பொன்மலை ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர். அவருடைய அப்பாவழித் தாத்தா இங்கிலாந்திலிருந்து வந்து மெட்ராஸ் ரயில்வேயில் இன்ஜின் டிரைவராக இருந்தார் என்று சிறுவயது முதல் கேட்டிருக்கிறேன். இங்கிலாந்தில் எந்த ஊர், யார் பிள்ளை, ஏன் வந்தார் என்று சொல்லத்தான் வீட்டில் இன்று ஒருவரும் இல்லை.

பெயரை இங்கே போடவில்லை. உறவினர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள், எல்லோரும் விரும்பமாட்டார்கள். மிகச் சாதாரணமான ஆங்கிலப் பெயர் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

கையில் இருப்பவை இரண்டு. ஒன்று, போத்தனூரில் 1889-இல் அவரை அடக்கம் செய்த பதிவின் நகல்: வயது 46, தொழில் இன்ஜின் டிரைவர், இறப்பின் காரணம் காலரா. மற்றொன்று குடும்ப பைபிள். அதன் முன்தாளில் பிள்ளைகளின் பெயரும் பிறந்த நாளும் இருக்கின்றன. மூத்த மகனுக்கு வைத்திருக்கும் நடுப்பெயர் விசித்திரமானது. அது ஏன் வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

46 வயது என்றால் 1842 அல்லது 1843-இல் பிறந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் அதே பெயரில் பிறந்தவர்களில் பொருந்தக்கூடிய இருவர் தெரிகிறார்கள். ஒருவர் வில்ட்ஷயரில் ஸ்விண்டன் பக்கம், கொல்லர் மகன். இன்னொருவர் கென்ட்டில் ஆஷ்ஃபோர்டு அருகே வில்ஸ்பரோ என்ற ஊரில், விவசாயக் கூலி மகன். இணையத்தில் பலர் போட்டிருக்கும் குடும்ப மரங்களில் ஸ்விண்டன்காரரைத்தான் எங்கள் ஆள் என்று எழுதியிருக்கிறார்கள். ஆதாரம் எதுவும் கொடுக்கவில்லை. எனக்கு மனம் ஒப்பவில்லை. எப்படித் தீர்மானிப்பது?

ஏடுதேடி எழுதியது:

அம்மா, மனம் ஒப்பாதது நல்லது. அந்த மரங்கள் ஒருவர் போட்டதை இன்னொருவர் எடுத்துப் போட்டு வளர்ந்தவை. பத்துப் பேர் சொல்வதுபோலத் தோன்றினாலும் அது ஒருவருடைய ஊகம்தான்.

ஒரு வேண்டுகோள். இங்கிலாந்தை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். அவர் மெட்ராஸ் மாகாணத்தில் விட்டுப்போன பதிவுகள் அனைத்தையும் திரட்டிய பிறகே கடல் கடக்க வேண்டும். இறப்பிலிருந்து பின்னோக்கித் திருமணம், திருமணத்திலிருந்து பின்னோக்கிப் பிறப்பு. இந்த வரிசையை மாற்றுகிறவர்கள் அடுத்த வீட்டுப் பாட்டனைத் தங்கள் பாட்டனாக்கிக்கொள்கிறார்கள்.

இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்த குருமார்கள் ஒரு நகலை மாகாணத் தலைநகருக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து அது லண்டனுக்குப் போகும். அந்த நகல்கள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. வங்காளத்துக்கு என்/1, மெட்ராசுக்கு என்/2, பம்பாய்க்கு என்/3 என்று வரிசை எண். படங்களை ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் பணம் கட்டிப் பார்க்கலாம். ஃபேமிலிசர்ச் தளத்திலும், பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களுக்கான ஃபிபிஸ் சங்கத்தின் தளத்திலும் அட்டவணைகளைக் காசில்லாமல் தேடலாம்.

நீங்கள் தேட வேண்டியது திருமணப் பதிவு. மணமகனின் வயது, தொழில், வசித்த இடம், தகப்பன் பெயர், சாட்சிகள் எல்லாம் அதில் இருக்கும். தகப்பன் பெயர் கிடைத்தால் பாதித் தொலைவு கடந்துவிட்டீர்கள். குடும்பம் ரோமன் கத்தோலிக்கம் என்றால் லண்டன் நகலில் இல்லாமல் போகலாம், அப்போது இங்குள்ள பங்குக் கோவிலில்தான் கேட்க வேண்டும்.

பைபிள் முன்தாளைப் படம் எடுத்து, அந்த நடுப்பெயரை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

ராயபுரம் ரயிலடி எழுதியது:

ரயில்வே பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து ஆற்காடு நிலையம் வரை ஓடியது. ஓட்டத் தெரிந்தவர்கள் அப்போது இங்கே இல்லை. இன்ஜின் ஓட்டுநர்களையும் ஃபிட்டர்களையும் மெட்ராஸ் ரயில்வே கம்பெனி இங்கிலாந்திலிருந்து ஒப்பந்தம் போட்டு அழைத்துவந்தது. கம்பெனியின் தலைமை லண்டனில் என்பதால், அங்கே ஆள் எடுத்த பட்டியல்களும் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் சேர்ந்திருக்கின்றன. பெயர், பதவி, ஒப்பந்தத் தேதி கிடைத்தால்கூடப் பெரிய விஷயம்.

ஸ்விண்டன் என்றவுடன் எல்லோரும் மயங்குவது ஏன் என்று புரிகிறது. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பட்டறை 1843-இல் அங்கே தொடங்கியது, உலகப் புகழ் பெற்றது. ஆனால் ஆஷ்ஃபோர்டை லேசாக நினைக்க வேண்டாம். சவுத் ஈஸ்டர்ன் ரயில்வே 1847-இல் தன் பட்டறையை அங்கேதான் கட்டியது. அதுவும் எந்த மண்ணில்? வில்ஸ்பரோ எல்லைக்குள். நீங்கள் சொன்ன கூலிக்காரர் குடும்பத்தின் வாசலுக்கே ரயில் வந்திருக்கிறது.

பொன்மலைப் பேத்தி எழுதியது:

திருமணம் கிடைத்துவிட்டது! 1868, மெட்ராஸ் வேப்பேரி. மூன்று ஓலை வாசித்து, அதாவது கோவிலில் மூன்று முறை அறிவிப்புச் செய்து நடந்த திருமணம். மணமகன் வயது 25, இன்ஜின் ஃபிட்டர், வசிப்பிடம் பெரம்பூர், தகப்பன் பெயர் வில்லியம். மணமகள் பெயர் மேரி. அவ்வளவுதான், குடும்பப் பெயர் இல்லை. வயது 17, தகப்பன் பெயர் தாவீது.

சிக்கல் என்னவென்றால் ஸ்விண்டன்காரர், வில்ஸ்பரோக்காரர் இருவருடைய தகப்பன் பெயரும் வில்லியம்தான். எனக்கு அழுகை வராத குறை.

ஏடுதேடி எழுதியது:

அழ வேண்டாம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஜான், வில்லியம், தாமஸ் ஆகிய பெயர்களை வைத்துக்கொண்டே பாதி நாடு நடந்தது. தகப்பன் பெயர் கழித்துக்கட்டவில்லை என்றால் வேறு வழி இருக்கிறது.

இரண்டு பேரில் யார் உங்கள் தாத்தா என்று கேட்காதீர்கள். இருவரில் யார் உங்கள் தாத்தாவாக இருக்கவே முடியாது என்று கேளுங்கள். ஒவ்வொருவரையும் பிறப்பிலிருந்து அடக்கம் வரை பின்தொடர வேண்டும். 1868-இல் வேப்பேரியில் மணமுடித்தவர் 1871-இல் ஸ்விண்டனில் மனைவி மக்களோடு உட்கார்ந்திருக்க முடியாது.

இதற்குத்தான் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. இங்கிலாந்தில் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒரு குறிப்பிட்ட இரவில் ஒவ்வொரு வீட்டிலும் யார் இருந்தார்கள் என்று எழுதினார்கள். பெயர்களோடு நாடு முழுவதற்கும் எஞ்சியிருப்பது 1841 முதல். அந்த முதல் ஏட்டை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்: பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள், 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார். பிறந்த ஊரும் இருக்காது, அதே மாவட்டமா இல்லையா என்ற குறிப்பு மட்டும். 1851 மார்ச் 30 கணக்கெடுப்பிலிருந்து குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, திருமணமானவரா, சரியான வயது, பிறந்த ஊர் எல்லாம் வந்துவிடுகின்றன.

உங்களுக்கு வேண்டியவை 1851, 1861 ஏப்ரல் 7, 1871 ஏப்ரல் 2, 1881 ஏப்ரல் 3. 1881-ஐ ஃபேமிலிசர்ச்சில் காசில்லாமல் தேடலாம். இரண்டு பேரையும் நான்கிலும் தேடுங்கள். பக்கத்து வீடுகளையும் படியுங்கள், அத்தை மாமன் எல்லாம் மூன்று வீடு தள்ளி இருப்பார்கள். பெயரை எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார், பிற்காலத்தில் அட்டவணை போட்டவர் கண்ணில் பட்டபடி படித்தார். ஆகவே எழுத்துக்கூட்டு மாறியிருக்கும். கிடைக்கவில்லை என்றால் குடும்பப் பெயரை விட்டுவிட்டு, முதற்பெயர், வயது, பிறந்த ஊர் மூன்றை மட்டும் போட்டுத் தேடுங்கள்.

கெடிலக்கரை எழுதியது:

ஐயா, நடுவில் ஒரு கேள்வி. கணக்கெடுப்பு நூறு ஆண்டு கழித்தே வெளியாகும் என்கிறார்களே, இன்று எதுவரை பார்க்க முடியும்?

ஏடுதேடி எழுதியது:

1921 வரை. அது 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அடுத்ததற்கு நெடுங்காலம் காத்திருக்க வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டின் 1931 ஏடுகளும் 1942 டிசம்பரில் தீயில் அழிந்தன. 1941-இல் போர் காரணமாகக் கணக்கெடுக்கவே இல்லை. நடுவில் 1939 செப்டம்பர் 29 அன்று அடையாள அட்டைக்காகத் தயாரித்த தேசியப் பதிவேடு மட்டும் கைகொடுக்கிறது. அதில் பிறந்த தேதியே இருக்கும்.

பொன்மலைப் பேத்தி எழுதியது:

ஐயா சொன்னபடி செய்தேன். ஸ்விண்டன்காரர் 1851-இல் கொல்லர் வீட்டில், 1861-இல் பட்டறையில் பாய்லர் தொழிலாளி. 1871-இலும் அங்கேயே, மனைவியும் இரண்டு குழந்தைகளும் உடன் இருக்கிறார்கள். 1881-இல் ஆறு குழந்தைகள். பிறந்த ஊர், தொழில், வயது மூன்றும் முறை தவறாமல் பொருந்துகின்றன. ஆகவே அவர் ஊரைவிட்டே போகவில்லை. இத்தனை குடும்ப மரங்களில் அவரைக் கடல் கடத்தி, போத்தனூரில் புதைத்திருக்கிறார்கள்!

வில்ஸ்பரோக்காரர் 1851-இல் எட்டு வயதுப் பையன். தகப்பன் வில்லியம் இப்போது விவசாயக் கூலி இல்லை, ரயில்வே கூலி. 1861-இல் பையனுக்கு 18 வயது, இன்ஜின் துடைப்பவர் வேலை, ஆஷ்ஃபோர்டில் ஒரு விதவை வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். 1871, 1881 இரண்டிலும் எங்கே தேடியும் இல்லை.

ராயபுரம் ரயிலடி எழுதியது:

இன்ஜின் துடைப்பவர்! அதுதான் ஏணியின் முதல் படி. துடைப்பவர், பிறகு நெருப்பு போடும் ஃபயர்மேன், பிறகு டிரைவர். இங்கிலாந்தில் அந்த ஏணியில் ஏற நெடுநாள் ஆகும், மேலே இடம் காலியாக வேண்டும். இந்தியாவுக்குப் போனால் சம்பளமும் பதவியும் சீக்கிரம் வரும். ஒரு கூலிக்காரர் மகன் ஏன் கப்பலேறினார் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்பது என் கருத்து. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய ரயில்வே கம்பெனிகளின் ஊழியர் பதிவுகள் 'ரயில்' என்ற வரிசையில் இருக்கின்றன. சவுத் ஈஸ்டர்ன் கம்பெனி ஏடுகளைக் கேட்டுப் பாருங்கள், வேலையை விட்ட தேதி கிடைக்கலாம்.

ஏடுதேடி எழுதியது:

நல்ல வேலை. ஆனாலும் இது முடிவு அல்ல. ஒருவர் ஏட்டில் காணாமல் போனார் என்பதற்காக அவர் மெட்ராசுக்கு வந்தார் என்று சொல்லிவிட முடியாது. இறந்திருக்கலாம், ஆஸ்திரேலியா போயிருக்கலாம், படைவீரராகி அயர்லாந்தில் இருந்திருக்கலாம். அவரையும் இவரையும் இணைக்கும் ஒரு தனிச் சான்று வேண்டும்.

அது உங்கள் பைபிளிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் அனுப்பிய நடுப்பெயர் முதற்பெயரே அல்ல, அது ஒரு குடும்பப் பெயர். தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரையோ, பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயரையோ பிள்ளைக்கு நடுப்பெயராக வைப்பது ஆங்கிலேயரிடம் பரவலாக இருந்த வழக்கம். மேரிக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்படியானால் அது யாருடையது? உங்கள் தாத்தாவின் தாயுடையதாக இருக்கலாம்.

சோதிப்பது எளிது. இங்கிலாந்தில் 1837 ஜூலை 1 முதல் அரசுப் பிறப்பு இறப்புப் பதிவு இருக்கிறது. பழைய அச்சு அட்டவணையில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் 1911-இலிருந்துதான் வரும். பொதுப் பதிவு அலுவலகம் 2016-இல் தன் இணையதளத்தில் புதிய அட்டவணை போட்டபோது 1837 முதலே அதைச் சேர்த்துவிட்டது. கணக்கு தொடங்கினால் போதும், தேடக் கட்டணம் இல்லை. கென்ட்டின் வெஸ்ட் ஆஷ்ஃபோர்டு, ஈஸ்ட் ஆஷ்ஃபோர்டு இரண்டு பதிவு வட்டங்களிலும் 1842, 43-ஐப் பாருங்கள். அட்டவணை காலாண்டு வாரியாக இருக்கும், பிறந்து 42 நாள் வரை பதியலாம் என்பதால் அடுத்த காலாண்டுக்குத் தள்ளியும் போயிருக்கும். அங்கே இல்லாவிட்டாலும் சோர்ந்துவிடாதீர்கள், 1875 வரை பிறப்பைப் பதியாத பெற்றோருக்குத் தண்டனை இல்லாததால் விட்டுப்போனவை உண்டு. அப்போது தம்பி தங்கைகளின் பதிவைத் தேடலாம், தாய் ஒருவர்தானே.

பொன்மலைப் பேத்தி எழுதியது:

ஐயா!!! அதே பெயர். 1842 கடைசிக் காலாண்டு. தாயின் பிறந்த வீட்டுப் பெயர் என்ற இடத்தில், எங்கள் பைபிளில் இருக்கும் அதே நடுப்பெயர், எழுத்து மாறாமல். ஸ்விண்டன்காரரின் தாய் பெயரையும் பார்த்தேன், முற்றிலும் வேறு.

அம்மாவிடம் சொன்னேன். வில்ஸ்பரோ என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். மாமாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவர் பேசவே இல்லை, பிறகு மீண்டும் அழைத்து ஊரின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார்.

கெடிலக்கரை எழுதியது:

மிக்க மகிழ்ச்சி சகோதரி. ஐயா, 1837-க்கும் முன்னால் போக வேண்டுமென்றால் என்ன செய்வது? பதிவு அலுவலகமும் இல்லை, பெயரோடு கணக்கெடுப்பும் இல்லை.

ஏடுதேடி எழுதியது:

கோவில் ஏடுகள்தான். 1538-இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு பங்கிலும், அதாவது ஒரு கோவிலுக்கு உட்பட்ட வட்டாரத்திலும், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்க வேண்டுமென்று உத்தரவிட்டார். எல்லா ஊர்களிலும் அவ்வளவு பழையவை எஞ்சவில்லை. நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஆண்டுதோறும் ஒரு நகல் பிஷப்புக்குப் போனது, அதனால் ஊர் ஏடு எரிந்திருந்தால் பிஷப் நகலைக் கேட்கலாம். 1754 முதல் திருமணத்துக்குத் தனி ஏடும் கையெழுத்தும், 1813 முதல் ஞானஸ்நானத்துக்கு அச்சடித்த படிவமும் தகப்பனின் தொழிலும் வந்தன. ஒரு எச்சரிக்கை: 1752 வரை இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. 1730 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் 1731.

உங்கள் பெயரைப் பார்த்ததும் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று ஆசை. கடலூரோடு தொடர்புடையவர். ஃபிலடெல்ஃபியா ஆஸ்டின், நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் அத்தை. 1730-இல் கென்ட்டின் டன்பிரிட்ஜில் பிறந்தார். தகப்பன் அறுவை மருத்துவர். தாயை இரண்டு வயதிலும் தகப்பனை ஏழு வயதிலும் இழந்தார். சொத்தில்லாத அனாதைப் பெண். இப்படிப்பட்ட ஒருத்தியின் இளமை வரலாற்றில் மறைந்துபோயிருக்க வேண்டும். ஆனால் 1745-இல் அவர் லண்டன் கோவன்ட் கார்டனில் ஒரு பெண்கள் தொப்பிக் கடைக்காரியிடம் தொழில் பழகச் சேர்ந்தார் என்பது நமக்குத் தெரிகிறது. எப்படித் தெரியும்? தொழில் பழக்குகிறவர் வாங்கும் பணத்துக்கு அரசு 1710 முதல் வரி போட்டது. வரி வசூலித்த கணக்கு ஏடு கியூவில் ஐஆர் 1 என்ற வரிசையில் இருக்கிறது. அவள் பெயரை எழுதியவனுக்கு அவளைப் பற்றி அக்கறை இல்லை, வரியைப் பற்றித்தான் அக்கறை. நமக்கோ அந்த ஒரு வரி பொக்கிஷம்.

அடுத்து 1751. கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதி இல்லாமல் ஆங்கிலேயர் யாரும் இங்கே வர முடியாது. கடலூர்ப் பக்கம் புனித டேவிட் கோட்டையில் இருக்கும் நண்பர்களிடம் போக அனுமதி கேட்டு அவர் கொடுத்த விண்ணப்பம் கம்பெனிக் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது. 1752 ஜனவரியில் 'பாம்பே காஸில்' கப்பலில் கிளம்பி ஆகஸ்டில் மெட்ராசில் இறங்கினார். 1753 பிப்ரவரி 22 அன்று கடலூரில் கம்பெனியின் மருத்துவர் டைசோ சால் ஹான்காக்கை மணந்தார். பிறகு கல்கத்தா, 1761-இல் மகள் எலைசா. 1765-இல் இங்கிலாந்து திரும்பினார். 1792-இல் இறந்து ஹாம்ப்ஸ்டெட்டில் அடக்கமானார்.

அவர் தன் இளமையைப் பற்றி எங்கும் எழுதிவைக்கவில்லை. கோவில், வரி அலுவலகம், கம்பெனி, கப்பல் ஆகியவை தத்தம் தேவைக்கு எழுதிய துண்டுகளிலிருந்து அந்த வாழ்க்கை கிடைத்திருக்கிறது. ஆகவே எந்தப் பதிவைக் கையில் எடுத்தாலும், இதை யார் எதற்காக எழுதினார் என்று முதலில் கேட்பேன். எதை அவர் கவனமாக எழுதியிருப்பார், எதில் அலட்சியம் காட்டியிருப்பார் என்பது அதில் தெரிந்துவிடும்.

கெடிலக்கரை எழுதியது:

தேவனாம்பட்டினத்தில் அந்தக் கோட்டையின் இடிபாடுகளுக்குப் பக்கத்தில் மாலையில் நடக்கிறவன் நான். 1746-இல் மெட்ராஸ் பிரெஞ்சுக்காரர் வசமான பிறகு சில ஆண்டுகள் கம்பெனியின் தலைமையிடமாகவே இருந்த கோட்டை. இருபத்திரண்டு வயது அனாதைப் பெண் அங்கே வந்து மணமுடித்தாள் என்பது இன்றுதான் தெரியும். நன்றி ஐயா.

கிளைவிரி எழுதியது:

மரபணுப் பரிசோதனை செய்தால் ஒரே நாளில் தெரிந்துவிடுமே, ஏன் இவ்வளவு சிரமம்?

ஏடுதேடி எழுதியது:

தெரியாது. அது உங்களுக்கு யார் தொலைதூர உறவு என்று சொல்லும், எந்தத் தாத்தா வழியாக என்று சொல்லாது. அதற்கு மீண்டும் இந்த ஏடுகளுக்குத்தான் வர வேண்டும். ஆனால் இரண்டும் சேர்ந்தால் பலம். பேத்தி அம்மா பரிசோதனை செய்வதாக இருந்தால் மாமாவைச் செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் பங்கு பாதியாகிறது. அந்த இன்ஜின் டிரைவரிடமிருந்து மாமாவுக்குச் சராசரியாக 12.5 சதவீதம் வந்திருக்கும், உங்களுக்கு 6.25 சதவீதம்தான். வில்ஸ்பரோவில் தங்கிவிட்ட தம்பி தங்கைகளின் வாரிசு யாராவது பரிசோதித்திருந்தால் மாமாவோடு பொருந்த வாய்ப்பு அதிகம். மாமாவின் விருப்பத்தைக் கேட்டுச் செய்யுங்கள், வற்புறுத்தக் கூடாது.

தமிழ்ச்செல்வி எழுதியது:

இழையை முழுவதும் படித்தேன். எல்லோரும் வில்லியம் மகனைத் தேடிக் கடல் கடந்துவிட்டீர்கள். வேப்பேரியில் பதினேழு வயதில் நின்ற அந்தப் பெண்ணைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே. மேரி, தகப்பன் தாவீது. இரண்டும் ஞானஸ்நானத்தில் வைத்த பெயர்கள். அவள் தமிழ்ப் பெண் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கூலிக்காரர் மகனின் தாயுடைய பிறந்த வீட்டுப் பெயர்வரை தெரிகிறது, அந்த வழியில் இன்னும் முந்நூறு ஆண்டுகூடப் போகலாம். நம் ஊர்க்காரியின் வழி ஒரு தகப்பன் பெயரோடு நின்றுவிடுகிறது. பேத்திக்கு அவளும் அதே அளவு சொந்தம் அல்லவா?

பொன்மலைப் பேத்தி எழுதியது:

அக்கா, சரியான கேள்வி. வீட்டில் அவரைப் பற்றிப் பேச்சே கிடையாது. பாட்டி காலத்தில் ஆங்கிலேயத் தாத்தாவைப் பெருமையாகச் சொல்வார்கள், அவர் மனைவி பேச்சு வந்தால் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். இருவரையும் தேடத்தான் விரும்புகிறேன். வழி இருக்கிறதா?

ஏடுதேடி எழுதியது:

இருக்கிறது, தமிழ்ச்செல்வி அம்மாவுக்கு நன்றி.

நீங்கள் பார்த்தது லண்டனுக்குப் போன நகல். குருவோ எழுத்தரோ மூலத்தைப் பார்த்துப் பெயர்த்தெழுதியது. அதில் மணமக்களின் சொந்தக் கையெழுத்து இருக்காது. மூல ஏடு திருமணம் நடந்த கோவிலில் இருந்தால், அதில் மேரி கையெழுத்துப் போட்டாரா, கைநாட்டு வைத்தாரா, தமிழில் எழுதினாரா என்று தெரியும். சாட்சிகளின் கையெழுத்தும் மூலத்தில்தான். நகலெடுத்தவர் தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் சிதைத்திருப்பார், மூலத்தில் அவை தமிழிலேயே இருக்க வாய்ப்பு உண்டு.

அடுத்தது ஞானஸ்நான ஏடு. மேரி 1851 வாக்கில் பிறந்திருக்கிறார். பிறவிக் கிறிஸ்தவர் என்றால் குழந்தை ஞானஸ்நானம், தாயின் பெயர் கிடைக்கும். தாவீது மதம் மாறியவர் என்றால் பெரியவர்களுக்கான ஞானஸ்நானப் பதிவு இருக்கும். பல மிஷன் ஏடுகளில் அதில் பழைய பெயர், வயது, ஊர், சாதி வரை எழுதியிருக்கிறார்கள். 1706-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய லுத்தரன் மிஷன் முதலே தமிழ்ச் சபைகளில் ஏடு எழுதும் பழக்கம் உண்டு. வேப்பேரியும் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே மிஷன் இருந்த இடம். ஆங்கிலச் சபை ஏட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், அருகிலுள்ள தமிழ்ச் சபையின் ஏட்டையும் கேளுங்கள். தாவீதின் வழி அங்கேதான் திறக்கும்.

பொன்மலைப் பேத்தி எழுதியது:

போதகர் ஐயாவிடம் பேசிவிட்டேன். வருகிற சனிக்கிழமை காலை ஆராதனை இல்லாத நேரத்தில் வரச் சொல்லியிருக்கிறார். 1840 முதல் 1870 வரையிலான ஏடுகள் அலமாரியில் இருப்பதாகச் சொன்னார், ஓரங்கள் நொறுங்குகின்றனவாம். என்னென்ன குறித்துக்கொள்ள வேண்டும்?

ஏடுதேடி எழுதியது:

ஏட்டைத் திறப்பதற்கு முன் அட்டையையும் முதல் பக்கத்தையும் படம் எடுங்கள், பின்னால் எந்த ஏடு என்ற குழப்பம் வராது. மேரி பதிவை மட்டும் படம் எடுக்காதீர்கள், முழுப் பக்கத்தையும் எதிர்ப் பக்கத்தையும் எடுங்கள். பதிவு எண்ணும் ஓரக்குறிப்பும் விட்டுப்போகக் கூடாது. சாட்சிகள், ஞானப் பெற்றோர் பெயரை எழுத்து மாற்றாமல் குறித்துக்கொள்ளுங்கள். தாவீது என்ற பெயர் வரும் இடத்திலெல்லாம் நிறுத்துங்கள், அவருடைய மற்றப் பிள்ளைகளின் பதிவிலும் ஊர்ப்பெயர் இருக்கலாம். ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். கை கழுவித் துடைத்துவிட்டுத் தொடுங்கள், பக்கத்தை நடுவில் அழுத்திப் பிரிக்க வேண்டாம். நொறுங்கும் பக்கங்களைப் போதகரையே திருப்பச் சொல்லுங்கள்.

எடுத்த படங்களின் ஒரு படியைச் சபைக்கும் கொடுத்துவிடுங்கள். அடுத்து வருகிறவருக்கு ஏட்டைத் தொட வேண்டிய தேவை இருக்காது.

தமிழ்ச்செல்வி எழுதியது:

நான் புரசைவாக்கத்தில் இருக்கிறேன், நடந்து வரும் தூரம்தான். பழைய தமிழ்க் கையெழுத்து படித்துப் பழக்கம் உண்டு. அந்தக் காலத்தில் புள்ளி வைக்க மாட்டார்கள், ஏகாரம் ஓகாரம் பிரித்தறிவது கடினம். போதகர் சம்மதித்தால் சனிக்கிழமை நானும் வருகிறேன். எத்தனை மணிக்கு என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள்.